ஃபஹ்மியா முறித்த நோன்பு

எனக்கும் என் மகள் ஃபஹ்மியாவுக்கும் கோபம் ஒரே நேரத்தில்தான் வரும். பெருமைக்காகச் சொல்லவில்லை. வீட்டில் ஒருத்திக்குக் கோபம் வந்தால் மற்றவள் கொஞ்சம் அடங்கிப் போக வேண்டும், அப்போதுதான் அடுப்பில் இருக்கிற சோறு கருகாமல் இறங்கும். எங்கள் வீட்டில் அந்த வசதி கிடையாது. நான் குரலை உயர்த்தினால் அவளும் அதே அளவுக்கு உயர்த்துவாள். எனக்குக் கண் கலங்குகிற நிமிடத்தில் அவளுக்கும் கலங்கும். பிறகு இரண்டு பேரும் ஒன்றாகச் சிரித்துவிடுவோம். அவளுக்குப் பதினாறு வயது, எனக்கு நாற்பத்தொன்று. புத்தி எனக்குத்தான் இருந்திருக்க வேண்டும்.

என் கணவர் ஸலாஹுதீன், டொல்பின் பார்க்கப் புத்தளத்துக் கரையில் இருக்கிற ஆலங்குடாவுக்கு வருகிற வெள்ளைக்காரர்களைப் படகில் ஏற்றிக்கொண்டு காலையில் கடலுக்குப் போகிறவர். மத்தியானம் வீட்டுக்கு வந்து, எங்கள் சண்டையின் நடுவில் கைகால் கழுவிக்கொண்டே சொல்லுவார், "டொல்பினைப் பாக்க இவனுகள் எங்கெங்கயோ இருந்து வாறானுகள். எங்கட வீட்டுக்கு டிக்கட் போட்டா நான் கடலுக்கே போகத் தேவையில்ல."

நான் வீட்டில் இருந்து தைக்கிறேன். மிதி மெஷின். நோன்பு மாதம் பிறந்தால் பெருநாள் உடுப்புக்கு ஊரே என் வாசலில் நிற்கும். ஃபஹ்மியா மெஷினுக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார்ந்து சத்தமாக வாசித்துப் படிப்பாள். சத்தமில்லாமல் படித்தால் அவளுக்கு மண்டையில் ஏறாதாம். ஒருநாள் ஸலாஹுதீன் சாய்மனைக் கதிரையில் கிடந்தபடி எங்களைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஒரு விஷயம் சொன்னார். நான் மெஷினை வேகமாக மிதித்தால் இவளும் வேகமாக வாசிக்கிறாளாம். நூல் அறுந்து நான் நிறுத்தினால் இவளும் வசனத்தின் நடுவிலேயே நிறுத்துகிறாளாம். நாங்கள் இரண்டு பேரும் நம்பவில்லை. அதற்குப் பிறகு கவனித்துப் பார்த்தால் உண்மைதான், ஆனால் கவனிக்கத் தொடங்கியதும் இருவருக்கும் வேலை ஓடவில்லை. அதனால் அதைப் பற்றிக் கதைப்பதை விட்டுவிட்டோம்.

எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு வந்து இரண்டு வருடமாகிறது. இந்த முறை நோன்புக்கு ஒரு மாதம் இருக்கும்போது கிளினிக் டொக்டர் என் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். சிங்களப் பெண், நல்ல தமிழ் கதைப்பார். "ஹஃபீலா, இந்தக் குளிசை போடுற ஆள் பகல் முழுக்கப் பட்டினி கிடக்கக் கூடாது. சீனி கூடினா நாங்க பார்த்துக்கொள்ளலாம். இறங்கினா உங்களுக்கே தெரியாம விழுந்துடுவீங்க. இந்த வருஷம் நோன்பு வேணாம்" என்றார்.

மௌலவியாவது எனக்குச் சாதகமாக ஏதாவது சொல்லுவார் என்று அவரிடம் போனேன். அவர் டொக்டரை விட மோசம். நோயாளிக்கு மார்க்கத்திலேயே சலுகை இருக்கிறது, அதை மறுக்க நாங்கள் யார், ஒரு நோன்புக்கு ஒரு ஏழைக்கு உணவு கொடுங்கள் என்று முடித்துவிட்டார். ஸலாஹுதீன் அன்றைக்கே, பள்ளிவாசலுக்குப் பின்னால் தனியாக இருக்கிற ஒரு கிழவருக்குத் தினமும் சாப்பாடு போக ஏற்பாடு செய்தார். ஃபஹ்மியா எனக்குக் காவல் என்று முடிவாயிற்று. எல்லாரும் சேர்ந்து என் நோன்பை என்னிடமிருந்து அழகாகக் கழற்றி எடுத்துவிட்டார்கள்.

இதை எப்படிச் சொல்லி விளங்கவைப்பது என்று தெரியவில்லை. ஃபஹ்மியாவின் ஓ.எல். சோதினை, பதினோராம் வகுப்பின் அரசாங்கப் பரீட்சை, இந்த முறை நோன்பின் நடுவில் வந்து விழுந்தது. நோன்பு திறக்கிற நேரத்தில் நோன்பாளி இறைவனிடம் கேட்கிற துஆ வெறுமனே திரும்பி வராது என்று கேட்டு வளர்ந்தவள் நான். அவளோடு சோதினை எழுதுகிற பிள்ளைகளின் உம்மாமார் எல்லாரும் பொழுதுபடுகிற மஃரிபுக்கு வறண்ட வாயோடு கை ஏந்துவார்கள். நான் மட்டும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு என் பிள்ளைக்காகக் கை ஏந்துவதா? தொண்ணூறில், யுத்த நேரம், மன்னாரில் இருந்து முஸ்லிம்களை எல்லாம் வெளியேற்றியபோது எனக்கு ஆறு வயது. அதற்குப் பிறகு முகாம் முகாமாக அலைந்ததில் என் படிப்பு ஏழாம் வகுப்போடு நின்றது. பாடம் சொல்லிக்கொடுக்க எனக்குத் தெரியாது. என்னால் கொடுக்கக் கூடியது அந்த ஒரு துஆதான் என்று என் மனது பிடிவாதமாக நின்றது. அதனால் களவாக நோன்பு பிடிக்கத் தீர்மானித்தேன்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எங்கள் பெண்களுக்கு நோன்பு மாதத்தில் நடிக்கத் தெரியும். மாதத்தில் சில நாள் எங்களுக்கு நோன்பும் இல்லை, தொழுகையும் இல்லை. அந்த நாட்களில் ஆண்களுக்குத் தெரியாமல் குசினி மூலையில் குந்தியிருந்து பாண் துண்டைப் பிளேன்டீயில் தோய்த்துத் தின்றுவிட்டு, வாயைத் துடைத்து, நோன்பாளியின் முகத்தோடு வெளியே வருவோம். ஃபஹ்மியா பெரிய பிள்ளையான பிறகு நானும் அவளும் அப்படி எத்தனையோ முறை கதவைச் சாத்திக்கொண்டு தின்றிருக்கிறோம். நோன்பில்லாமல் நோன்பாளியாக நடிக்க எந்தப் பெண்ணுக்கும் தெரியும். நோன்போடு இருந்துகொண்டு சாப்பிட்டவளாக நடித்தவள், எனக்குத் தெரிந்து, நான் ஒருத்திதான்.

விடியுமுன் சஹருக்கு எழும்பி அவர்களுக்குச் சமைக்கும்போது, உப்புப் பார்க்கிற மாதிரி நாலு கவளம் தின்பேன். குளிசையையும் அப்போதே போட்டுவிடுவேன். ஏழு மணிக்கு ஃபஹ்மியா இடியப்பமும் சம்பலும் குளிசையும் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரில் உட்காருவாள். குளிசையை நாக்கின் கீழ் ஒதுக்கி, கிளாசை வாயில் வைத்துத் தொண்டையை மட்டும் அசைப்பேன். "நீ போய்ப் படி, நான் தின்னக்குள்ள என்ட வாயைப் பாக்காத, எனக்கு இறங்காது" என்று விரட்டுவேன். அவள் போனதும் குளிசை துண்டுத்துணி மூட்டைக்குள் போகும், இடியப்பமும் மத்தியானச் சோறும் பின்வளவுக் கோழிகளுக்குப் போகும். பகலில் உதடு வறண்டு காட்டிக்கொடுத்துவிடும் என்று தேங்காயெண்ணெய் பூசிக்கொள்வேன். அந்த நோன்பில் எங்கள் வீட்டில் கொழுத்தது கோழிகள் மட்டும்தான்.

முதல் இரண்டு கிழமையும் ஒன்றும் நடக்கவில்லை. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு எனக்கு எரிச்சல் வரும், அவ்வளவுதான். எனக்கு வந்தால் அவளுக்கும் வரும். கத்தரிக்கோல் எங்கே, புத்தகத்தை யார் மிதித்தது என்று ஒவ்வொரு நாளும் ஒரு சண்டை. ஒருநாள் ஸலாஹுதீன் என்னைக் கேட்டார், "நோன்பு பிடிக்கிற புள்ள கோவிக்கிறா, அது சரி. மூணு நேரமும் தின்னுற உனக்கு என்ன வந்திச்சு?"

"அவ கோவிச்சா எனக்கும் வருதுதானே. புதுசா கேக்கிறீங்க" என்றேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டு போனார். எங்கள் இருவரையும் தெரிந்தவர்களுக்கு அந்தப் பதில் போதும். என் களவுக்கு என் பிள்ளையையே மறைப்பாகப் பிடித்தேன் என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

பத்தொன்பதாம் நோன்பு. சோதினை தொடங்கி மூன்றாம் நாள், அடுத்த நாள் வரலாறு. ஃபஹ்மியா பாயில் இருந்து வாசித்துக்கொண்டிருந்தாள். நான் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டைக்குக் கை பூட்டிக்கொண்டிருந்தேன். அன்று காற்று இல்லை, கூரைத் தகரம் வெயிலில் கிடந்து வெந்தது. நடந்ததில் பாதிதான் எனக்கு நினைவிருக்கிறது. மீதியைப் பிறகு அவள் சொல்லித்தான் அறிந்தேன்.

அவள் வாசிப்பை நிறுத்திவிட்டு, "உம்மா, மெஷின் ஏன் இப்பிடி ஓடுது?" என்று கேட்டாளாம்.

"எப்பிடி ஓடுது?"

"ஓடுது, நிக்குது. எனக்கு வாசிக்க ஏலாம இருக்கு."

எனக்குக் கண்மண் தெரியாத கோபம் வந்தது, அது நினைவிருக்கிறது. அவள் படிப்புக்காகத்தான் என் முதுகு வளைகிறது என்றும், அவளைப் பெற்ற நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை என்றும் சொன்னேன். எந்தத் தாயும் சொல்லக் கூடாத பேச்சு. அவளும் வழக்கம்போலப் பதில் சொன்னாள். நான் திரும்பச் சொன்னேன். ஆனால் என் பதில் அவள் கேள்விக்கு வந்த பதிலாக இல்லையாம். அவள் ஒன்று கேட்க, நான் வேறொன்றுக்குக் கத்தினேனாம்.

"எனக்கு நீங்க கத்தினதுல பயம் வரல்ல" என்று பிறகு சொன்னாள். "நீங்க கத்துறது எனக்குப் பாடம். நான் என்ன சொன்னா நீங்க என்ன சொல்லுவீங்க, எந்த இடத்துல அழுவீங்க எல்லாம் தெரியும். அண்டைக்கு எனக்கு அழுகை வந்திச்சு, உங்களுக்கு வரல்ல. நான் மட்டும் தனியச் சண்டை பிடிச்ச மாதிரி இருந்திச்சு. அப்பதான் பயந்தேன். அதுக்கு முதலே என்ட உள்ளங்கை எல்லாம் வேர்த்து நெஞ்சு அடிச்சிக்கொண்டிருந்திச்சு, சோதினைப் பயமாக்கும் எண்டு நினைச்சேன்."

அவள் எழுந்து வந்து என் பிடரியில் கை வைத்தாள். அந்த வெக்கையிலும் என் உடம்பு ஈரமாகக் குளிர்ந்து கிடந்தது. தையலைப் பார்த்தாள். சட்டையின் கையைக் கழுத்தோடு சேர்த்துத் தைத்து வைத்திருந்தேன். இருபது வருடமாகத் தைக்கிறவள் நான்.

"உம்மா, நீங்க நோன்பா?"

நான் சட்டையை இழுத்து மடியில் மறைத்தேனாம். அதுவே அவளுக்குப் போதுமாக இருந்தது. ஓடிப்போய், கட்டாரில் இருக்கிற என் தம்பி அனுப்பிய சீனி பார்க்கிற மெஷினைக் கொண்டுவந்து என் விரலில் குத்தினாள். நாற்பத்தாறு. எழுபதுக்குக் கீழே இறங்கக் கூடாத கணக்கு அது. அவள் திரும்ப ஓடி, கிளாசில் அள்ளிய சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கரண்டியோடு கொண்டுவந்தாள். எனக்குச் சுவர் மணிக்கூடு மட்டும் தெரிந்தது. ஆறாக இருபது நிமிடம் இருந்தது. நோன்பு திறக்க இன்னும் நாற்பது நிமிடம். பத்தொன்பது நாள் பொத்திப் பொத்திக் கொண்டுவந்ததை நாற்பது நிமிடத்தில் விடச் சொல்கிறாள் இவள் என்று எனக்குள் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். கரண்டியைத் தட்டிவிட்டேன், அவள் சட்டையெல்லாம் சீனித்தண்ணீர்.

அவள் கெஞ்சினாள். மௌலவி சொன்னதைச் சொன்னாள், டொக்டர் சொன்னதைச் சொன்னாள். நான் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பினேன். வாப்பாவுக்குப் போன் எடுத்தாள், அவர் பள்ளிவாசலுக்குக் கஞ்சி எடுக்கப் போனவர் போனை வீட்டிலேயே விட்டிருந்தார்.

பிறகு நடந்தது எனக்கு நினைவிருக்கிறது, மற்றதெல்லாம் கலங்கிக் கிடந்தாலும் இது தெளிவாக இருக்கிறது. அவள் என் முன்னால் முழங்காலில் நின்று, என் நாடியைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். கரண்டியில் சீனித்தண்ணீர் எடுத்தாள். என் கண்ணைப் பார்த்தபடி தன் வாயைப் பெரிதாகத் திறந்து "ஆ" என்றாள். அந்தக் கரண்டியைத் தன் வாயிலேயே விட்டு விழுங்கினாள்.

பிள்ளைக்குச் சோறூட்டுகிற எந்தத் தாயையும் பாருங்கள், பிள்ளை வாயைத் திறக்க முதல் அவள் வாய் திறந்திருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும், யாராலும் அதை அடக்க முடியாது. இவள் கைக்குழந்தையாக இருந்தபோது ஒரு வாய் சோற்றுக்கு நான் பத்து முறை "ஆ" சொல்லியிருக்கிறேன். பதினாறு வயதில் என் பிள்ளை என் முன்னால் வாயைத் திறந்தபோது, கடித்திருந்த என் பல்லும் தானாக விட்டது. என்னைக் கேட்டுத் திறக்கவில்லை. அடுத்த கரண்டி என் வாயில் விழுந்தது. பிறகு அவளுக்கு ஒன்று, எனக்கு ஒன்று. அவள் நிறுத்தினால் நானும் மூடிக்கொள்வேன் என்று பயந்து, கிளாஸ் முடியும்வரை அவளும் விழுங்கினாளாம்.

கால் மணி நேரம் கழித்துச் சீனி மெஷின் எண்பத்திரண்டு காட்டியது. வீடு மெல்ல என் கண்ணுக்குத் திரும்பி வந்தது. முதலில் தெரிந்தது அவள் உதட்டில் ஒட்டியிருந்த ஈரம். இவளும் நோன்புதானே என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது. சோதினை நாளிலும் ஒன்றையும் விடாமல் பிடித்துக்கொண்டு வந்தவள். நான் வாயில் துணியை வைத்துக்கொண்டு அழுதேன். அவளும் அதே நேரம் அழுதாள், எங்களுக்கு எல்லாம் வழமைக்குத் திரும்பிவிட்டது என்று அப்போது தெரிந்தது.

அந்த நேரம்தான் ஸலாஹுதீன் கஞ்சி வாளியோடு உள்ளே வந்தார். கிளாசையும் கரண்டியையும் பார்த்தார், மகளின் வாயைப் பார்த்தார். சீனி மெஷினை அவள் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்ன மகள், குடிச்சிட்டியா?"

"ஓம் வாப்பா. எனக்கு ஏலாமப் போச்சு. முறிச்சிட்டேன்."

"இன்னும் கால் மணித்தியாலம் பொறுக்க ஏலல்லையா? உம்மாவும் அழுறா பாரு."

"ஏலல்ல வாப்பா."

அவர் ஏசவில்லை. ஆனால் முகம் வாடிப்போயிற்று. சோதினையோடு நோன்பும் பிடிக்கிறாள் என்று படகுக்காரர் எல்லாரிடமும் மகளைப் பற்றிச் சொல்லித் திரிந்தவர் அவர். நான் சொல்ல வாயெடுத்தேன். அவரை ஏமாற்றிய பத்தொன்பது நாளும், தினமும் என் பேரில் கிழவருக்குப் போன சாப்பாடும் நாக்கு நுனியில் வந்து நின்றன. விழுங்கிவிட்டேன். அல்லாஹ்வுக்குப் பயந்தேன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தவள், புருஷனுக்குப் பயந்து என் பிள்ளை மேல் பழி விழுகிறதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்து, சோதினை இல்லாத ஒரு நாள், அவள் என்னைக் கையைப் பிடித்துக் கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போய் டொக்டரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தாள். டொக்டர் எனக்கு நன்றாக ஏச்சுக் கொடுத்தார், அதை இங்கே எழுத மாட்டேன். பிறகு ஃபஹ்மியாவிடம் எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டார். அவள் மெஷின் ஓடினதையும், சண்டை பிசகினதையும், தன் கை வேர்த்ததையும் சொன்னாள். டொக்டர் சிரிக்கவில்லை.

"கைப்பிள்ளைக்கும் தாய்க்கும் இது இருக்கிறது எல்லாருக்கும் தெரியும்" என்றார். "பெரிய பிள்ளைகளுக்கும் இருக்கு. ஒரு அறையில இருந்தா ரெண்டு பேரின் நெஞ்சுத் துடிப்பும் ஒண்டையொண்டு பார்த்துக் கூடும், குறையும். இதை ஆராய்ச்சி செஞ்சு பார்த்திருக்காங்க. சில வீட்டில இது கரைச்சல், ஒருத்தியின் பயம் மற்றவளுக்கும் தொத்திக்கொள்ளும். ஹஃபீலா, உங்களுக்கு இது உயிரைத் தந்திருக்கு. இனி இந்தப் பிள்ளை நிம்மதியா சோதினை எழுதணும் எண்டா, நீங்க சாப்பிடணும். உங்கட வயிறு காய்ஞ்சா இவவின் பேனை நடுங்கும்."

அதற்குப் பிறகு நான் சாப்பிட்டேன். நோன்பு பிடிப்பதை விட அது எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஃபஹ்மியா சோதினைக்குப் போக வெள்ளைச் சட்டையோடு நிற்பாள், நான் கடைசிக் கவளத்தை விழுங்கினதும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டுப் படலையைத் திறந்துகொண்டு போவாள். மஃரிபுக்குச் சாப்பிட்ட வாயோடுதான் கை ஏந்தினேன். கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. இவளை எனக்குத் தந்ததற்கு நன்றி சொல்லவே பாங்கு முடிந்து தொழுகை நேரம் வந்துவிடும். நான் கேட்க நினைத்த துஆவை விட அது பெரிதாக இருந்தது. ஆனால் ஸலாஹுதீனிடம் மட்டும் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் அவர் கடலால் வருகிற நேரம் சொல்ல நினைப்பேன், அவர் கைகால் கழுவி முடிக்க என் தைரியமும் கழுவப்பட்டுப் போய்விடும்.

பெருநாள் அன்று, தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்தார்கள். ஸலாஹுதீனின் ராத்தா, அதாவது அவருடைய அக்கா, சபூரா மதினி, புத்தளம் டவுனில் இருந்து வந்திருந்தார். நல்ல மனுஷி, ஆனால் வாய் சும்மா இருக்காது. ஃபஹ்மியா தட்டில் வட்டிலப்பம் வைத்து ஒவ்வொருவராகக் கொடுத்துக்கொண்டு வந்தாள்.

"சோதினை எப்பிடி மகள்? நோன்போடதானே எழுதினீங்க?" என்று மதினி கேட்டார்.

ஸலாஹுதீன் சிரித்தார். "ஒண்டைத் தவிர. பாங்குக்குக் கால் மணித்தியாலம் இருக்கக்குள்ள சீனித்தண்ணி குடிச்சிட்டா. நான் கஞ்சி வாளியோட வாறேன், இவ கரண்டியோட இருக்கிறா."

"இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு எங்க பொறுமை" என்றார் மதினி. "அகதியா வந்த வருஷம் எனக்கு இவட வயசுதான். ஓலைக் கொட்டிலுக்குள்ள, நிவாரணக் கஞ்சியோட நாங்க முழு நோன்பும் பிடிச்சோம்."

அது உண்மை. மதினி பட்டதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஃபஹ்மியா தலையைக் குனிந்து புன்னகைத்தாள். பிறகு ஏனோ கையில் இருந்த தட்டை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள்.

"மதினி, அவ பொறுமை இல்லாம முறிக்கல்ல" என்றேன். "நான்தான் களவா நோன்பு பிடிச்சேன். டொக்டரும் மௌலவியும் இவரும் வேணாம் எண்ட நோன்பு. அண்டைக்கு எனக்குச் சீனி இறங்கி அறிவு தப்பப் போச்சு. மருந்துக்கும் நான் வாயைத் திறக்கல்ல. எனக்குக் குடுக்கிறதுக்காக இவ தன்ட நோன்பை முறிச்சு முதல்ல தான் குடிச்சா. இல்லாட்டி இண்டைக்கு நீங்க பெருநாளுக்கு வந்திருக்க மாட்டீங்க, என்ட மையித்துக்கு வந்து போயிருப்பீங்க."

மதினி கரண்டியைக் கோப்பையில் வைத்துவிட்டார். ஸலாஹுதீன் என்னைப் பார்த்தார். கோபம் வரும் என்று காத்திருந்தேன், அவருக்கு முகம் வெளிறிப்போய் இருந்தது.

"எத்தனை நாள்?" என்றார்.

"பத்தொன்பது."

அவர் எழுந்து போய் மகளின் தலையில் கை வைத்தார். "என்னை மன்னிச்சிடு மகள். நான் எல்லாருக்கும் முன்னால உன்னைப் பகிடி பண்ணிட்டேன். நீ ஏன் என்னட்டச் சொல்லல்ல?"

"உம்மா சொல்லுவா எண்டு தெரியும் வாப்பா" என்றாள் ஃபஹ்மியா. "அண்டையில இருந்து நீங்க வீட்டுக்குள்ள வாற நேரமெல்லாம் உம்மா சொல்லப் பாத்து மூச்சை இழுப்பா. எனக்கும் மூச்சு நிண்டு போகும். பிறகு சொல்லாம விட்டுடுவா, நானும் விடுவேன். இவ்வளவு நாளும் ரெண்டு பேரும் அப்பிடித்தான் இருந்தோம். இண்டைக்கு இழுத்த மூச்சு வேற மாதிரி இருந்திச்சு. அதுதான் தட்டைக் கீழ வச்சிட்டேன்."

மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைப் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்தார். நான் கதிரையின் கையைப் பிடித்தபடி நின்றேன். அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல மூச்சை இழுத்தேன். அதற்குள் அவள் சொல்லிவிட்டாள்.